முடிப்பவனே முதல்வன்

மார்கழித் திருவாதிரைச் சிந்தனை



தில்லைக் கூத்தப் பெருமானுக்கு ஆண்டிலே ஆறு அபிடேகங்கள். சித்திரைத் திருவோணம், ஆனி உத்தரம், மார்கழித் திருவாதிரை ஆகிய மூன்றும் நட்சத்திரத்தை ஒட்டியவை. ஆவணி, புரட்டாதி, மாசி மாதங்களின் வளர்பிறைச் சதுர்த்தசிகள் மற்றைய மூன்று. மனிதருக்கு ஓராண்டு தேவர்களுக்கு ஒரு நாள் என்பது எமது பெரியோர் வழங்கிய காலக்கணக்கு. அந்தக் கணக்கின்படி மார்கழி மாதம் தேவர்களுடைய வைகறைப் பொழுது. இருள் முற்றாக நீங்காமலும் ஒளி முற்றாகத் தோன்றாமலும் இருக்கும் அந்தப் பொழுதில் நாம் வழிபடும் மூர்த்தியை முன்வைத்து, இந்தப் பிரபஞ்சம் எங்ஙனம் தோன்றியது, அதற்கு முன் இருந்தது ஒழுங்கா, குழப்பமா என்ற வினாவைச் சிறிது சிந்திப்போம்.

இந்த வினா எமது ஞாயிற்றுக்கிழமைச் சமய வகுப்பிலே பதினான்கு வயதுப் பிள்ளையொன்று கேட்டது. “விஞ்ஞான ஆசிரியர் பெருவெடிப்பிலே உலகம் தொடங்கியது என்று சொல்லுறார். என்னோட படிக்கிற கிறிஸ்தவப் பிள்ளை கடவுள் ஆறு நாளிலே படைச்சவர் என்று சொல்லுறாள். எங்கட சமயம் என்ன சொல்லுது?” சமயத்திலே கேள்வி கேட்கக்கூடாது என்று சொல்லும் பழக்கம் எம்மவர் சிலரிடம் உண்டு. ஆனால் எமது சித்தாந்த சாத்திரங்களோ பெரும்பாலும் கேள்வியும் விடையுமாகவே அமைந்தவை. மாணாக்கன் ஐயத்தை எழுப்ப, ஆசிரியர் காரணங்காட்டி விளக்குவதே அவற்றின் முறை. ஆகவே இந்தப் பிள்ளையின் கேள்விக்கு நாம் கடமைப்பட்டவர்கள்.

முதலிலே பிறர் சொல்வதைப் பார்ப்போம். பண்டைய பாபிலோனியரின் படைப்புக் காவியத்திலே தியாமத் என்னும் ஆதிக்கடல் ஒரு பயங்கரமான பெண்தெய்வமாக வருகிறது. மர்துக் என்னும் தேவன் அவளைப் போரிலே கொன்று, உடலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியால் வானத்தை அமைக்கிறான். அங்கே ஒழுங்கு என்பது ஒரு போரின் வெற்றி. கிரேக்கப் புலவர் ஹெசியொட் எல்லாவற்றிற்கும் முன்னர் கேயாஸ் தோன்றியது என்கிறார். இன்று குழப்பம் என்ற பொருளில் வழங்கும் அந்தச் சொல்லுக்கு அக்காலத்தில் வாய் பிளந்த வெளி என்பதே பொருள். விவிலியத்தின் முதல் ஏட்டிலே உருவற்ற வெறுமையும் ஆழ்நீரின் மேல் இருளும் இருக்க, ஆண்டவரின் வாக்கினால் ஒளி பிறக்கிறது. எமது இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்து 129ஆம் சூக்தமோ இன்னும் துணிவானது. ஆதியிலே உள்ளதும் இல்லை, இல்லாததும் இல்லை என்று தொடங்கி, இதனைத் தோற்றுவித்தவனுக்காவது இது தெரியுமோ என்று ஐயப்பட்டே முடிகிறது. வேதத்துக்குள்ளேயே ஐயத்துக்கு இடம் வைத்திருக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

இனி எமது சைவ சித்தாந்தத்துக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டிலே திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்டது. அதன் முதற் சூத்திரமே உலகத் தோற்றத்தைப் பற்றியது. ஆண் என்றும் பெண் என்றும் அஃறிணை என்றும் சுட்டப்படுகின்ற இவ்வுலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. தானே இயங்க வல்லது அல்லாமையால் இதற்கு ஒரு கருத்தா வேண்டும். எவனிடத்திலே ஒடுங்குகிறதோ அவனிடத்திலிருந்தே மீளவும் தோன்றுகிறது. ஆகவே ஒடுக்குகின்ற கடவுளே உலகுக்கு முதற் கடவுள் என்பது சூத்திரத்தின் முடிபு.

இது சற்றுத் திகைப்பைத் தரும் முடிபு. உலகத்துக்கு முதல்வன் யார் என்று கேட்டால், படைப்பவன் என்று சொல்லவே எவருக்கும் தோன்றும். மெய்கண்டாரோ முடிப்பவனைக் காட்டுகிறார். ஏன்? படைக்கும் பிரமனும் காக்கும் திருமாலும் அவ்வத் தொழில் நடக்கும் வரையிலே உள்ளவர்கள். எல்லாம் ஒடுங்கிய பின்னரும் ஒடுங்காமல் எஞ்சி நிற்பவன் எவனோ, அவன் ஒருவனே மறுபடியும் தொடங்கி வைக்க முடியும்.

இங்கே நாம் தினமும் புழங்கும் கணக்கேட்டிலிருந்து ஒன்றைச் சொல்லலாம். ஒரு வியாபாரத்தின் ஏட்டைத் திறந்தால் ஆண்டின் முதல் நாளிலே ஒரு தொடக்க மீதி இருக்கும். அது வானத்திலிருந்து விழுந்த தொகை அன்று. சென்ற ஆண்டு முடிவில் ஐந்தொகையிலே நின்ற மீதியே இங்கு கொண்டுவரப்பட்டது. சென்ற ஆண்டை யார் முடித்து வைத்தாரோ அவரிடமே புதிய ஆண்டின் முதல் எண் இருக்கிறது. வெறும் இன்மையிலிருந்து உலகம் பிறந்தது என்று சைவம் சொல்வதில்லை. இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்பது சற்காரியவாதம். குடம் மண்ணிலே ஏற்கெனவே அடங்கியிருப்பதைப் போல, உலகம் மாயை என்னும் முதற்காரணத்திலே நுண்மையாக அடங்கியிருக்கிறது. குயவன் நிமித்த காரணன். சக்கரமும் தண்டும் துணைக்காரணம். மாயை என்றதும் பொய்த்தோற்றம் என்று எண்ணிவிடக் கூடாது. அது வேதாந்திகள் கொள்ளும் பொருள். சித்தாந்தத்திலே மாயை உள்பொருள். தத்துவங்கள் முப்பத்தாறும் அதிலிருந்தே விரிகின்றன.

ஆகவே சைவத்திலே ஆதியில் குழப்பம் என்ற ஒன்று கடவுளுக்கு எதிரியாக நிற்கவில்லை. அவர் போரிட்டு வெல்ல வேண்டிய தியாமத் எவளும் இல்லை. உலகம் ஒடுங்கிக் கிடந்தது, அவ்வளவே. ஒடுங்குதல் என்ற எமது தமிழ்ச்சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். மாலையில் பறவை கூட்டிலே ஒடுங்குகிறது. பனிக்காலத்திலே இந்த நாட்டு மரங்கள் இலையெல்லாம் உதிர்த்து ஒடுங்கி நிற்கின்றன. முதன்முதலாக இங்கு வந்து இறங்கிய ஆண்டு, அம்மரங்கள் பட்டுப்போய்விட்டன என்று எண்ணிய அம்மாமார் எம்மிடையே பலர் உண்டு. சித்திரையிலே அவை துளிர்த்த பின்னரே நம்பினார்கள்.

அப்படியானால் ஒடுங்கியதை ஏன் மீண்டும் விரிக்க வேண்டும்? அப்படியே விட்டிருக்கலாமே என்று கேட்கலாம். மெய்கண்டாரின் மாணாக்கரான அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரிலே ஐந்தொழிலுக்கும் காரணம் கூறுகிறார். அழித்தல், பிறந்து இறந்து இளைத்துப்போன உயிர்களுக்கு இளைப்பாற்றுதல். ஆக்குதலும் காத்தலும், உயிர்கள் தத்தம் வினையை நுகர்ந்து கழிப்பதற்காக. எல்லாமே உயிர்களின் பொருட்டு நடக்கும் அருட்செயல்களே என்பது அவர் கருத்து. இரவு வேலை முடித்து விடியற்காலையிலே வீட்டுக்கு வந்து, திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் படுக்கும் எம்மவர்களுக்கு இந்த உண்மையை விளக்க வேண்டியதில்லை. அந்த நித்திரை தண்டனை அன்று. ஆனால் அந்த நித்திரையிலே கடனும் தீர்வதில்லை. ஆணவ மலம் நீங்காத உயிர் ஒடுங்கிய நிலையிலேயே கிடந்தால் அதற்கு விடுதலை இல்லை. எனவே தாய் பிள்ளையை எழுப்புவது போல இறைவன் மீளவும் எழுப்புகிறான். உடம்பும் உலகமும் தந்து அனுப்புகிறான். உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனிலே மாயையை விடியும் வரைக்கும் உதவும் விளக்குக்கு ஒப்பிடுகிறார். இருளிலே இருப்பவனுக்குக் கையில் ஒரு விளக்கு. அந்த விளக்கே இப்பிரபஞ்சம்.

நடராசத் திருமேனியைப் பாருங்கள். மனவாசகங் கடந்தார் உண்மை விளக்கத்திலே காட்டும் முறைப்படி, உடுக்கை ஏந்திய கையிலே தோற்றம், அமைத்த கையிலே காப்பு, தீ ஏந்திய கையிலே ஒடுக்கம், ஊன்றிய பாதத்திலே மறைத்தல், தூக்கிய திருவடியிலே வீடு. உடுக்கையும் தீயும் இரண்டு பின்கரங்களிலும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. ஒன்று முடிந்து ஒன்று வருவதாகச் சிற்பி அமைக்கவில்லை. இந்த நுட்பத்தை மேலைநாட்டாருக்கு ஆங்கிலத்திலே எடுத்துச் சொன்னவர் 1877ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி. நிலவியல் படித்தவர். சிவநடனம் பற்றிய அவரது கட்டுரையைக் கொண்ட நூல் 1918இல் நியூயோர்க்கிலே வெளிவந்தது. 2004ஆம் ஆண்டு யூன் மாதம் ஜெனீவாவிலுள்ள சேர்ன் அணுத்துகள் ஆய்வு நிலையத்தின் முற்றத்திலே, இந்திய அரசின் அன்பளிப்பாக இரண்டு மீற்றர் உயரமான நடராசர் சிலை நிறுவப்பட்டது. சுவிற்சர்லாந்தில் உள்ள எமது உறவினர் பலர் பிள்ளைகளோடு போய்ப் பார்த்து வந்திருக்கிறார்கள்.

ஆனால் திருவடியின் கீழே கிடக்கும் முயலகனைப் பலர் கவனிப்பதில்லை. பெருமான் அவனைக் கொல்லவில்லை, மிதித்து அடக்கியிருக்கிறார். அவன் நெளிந்து கொண்டே கிடக்கிறான். அவனே ஆணவ மலம். அது அநாதி, உயிர் என்று உண்டோ அன்றே உள்ளது. அதன் வலிமை அடங்குமேயன்றி அது இல்லாமற் போவதில்லை என்பது சித்தாந்தத் துணிபு. சைவம் அறிந்த குழப்பம் இதுதான். அது மண்ணிலும் நீரிலும் இல்லை, உயிரின் அறிவை மறைத்து நிற்கின்றது.

விஞ்ஞானத்துக்கு வருவோம். 1927ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டவரான ஜோர்ஜ் லெமெத்ர என்பவர், பிரபஞ்சம் விரிந்து கொண்டிருக்கிறது என்ற கருத்தை வெளியிட்டார். அவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது பலருக்குத் தெரியாது. பின்னர் 1964இலும் 1965இலும் நியூ ஜேர்சியிலே பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் தமது வானலை வாங்கியிலே எத்திசையிலும் ஓயாத ஓர் இரைச்சலைக் கேட்டார்கள். அதற்குள் இருந்த புறா எச்சத்தையெல்லாம் துடைத்துப் பார்த்தும் இரைச்சல் போகவில்லை. அது ஆதிப் பிரபஞ்சத்தின் மிச்ச வெப்பம். கெல்வின் அளவில் இன்று ஏறக்குறைய 2.7 பாகை. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள் என்று இன்று மதிப்பிடுகிறார்கள். பெருவெடிப்பு என்ற பெயர் பிள்ளைகளைப் பிழையாக எண்ண வைக்கிறது. வெற்றிடத்திலே குண்டு வெடித்தது போல அது நிகழவில்லை, வெளியே விரிந்தது. அந்த ஆதிநிலையும் அலங்கோலமாக இருக்கவில்லை. 1992இல் கோபி என்ற செய்மதியின் அளவீடுகள் வெளிவந்தபோது, அந்த வெப்பம் எங்கும் ஏறக்குறையச் சமமாக இருப்பதும், இலட்சத்தில் ஒரு பங்கு அளவே ஏற்றத்தாழ்வு இருப்பதும் தெரிந்தன. அந்தச் சிறு ஏற்றத்தாழ்விலிருந்தே விண்மீன் கூட்டங்கள் எல்லாம் திரண்டன.

இதைக் கேட்டவுடன், “பார்த்தீர்களா, இதைத்தானே எங்கள் முனிவர்கள் அன்றே சொன்னார்கள்” என்று ஒலிபெருக்கியிலே முழங்குவோர் உண்டு. நாம் அதை விரும்புவதில்லை. பிரமனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள் என்று புராணம் கூறும். பூமியின் வயது ஏறக்குறைய 454 கோடி ஆண்டுகள் என்று விஞ்ஞானம் கூறும். இரண்டும் அருகருகே நிற்கின்றன என்பதற்காக ஒன்றை மற்றதற்குச் சாட்சியாக்க முடியாது. பரீட்சை மீதி இரு பக்கமும் சமப்பட்டாலும் உள்ளே பிழைகள் மறைந்திருக்கலாம் என்பது கணக்கியலின் முதற் பாடங்களில் ஒன்று. 1951ஆம் ஆண்டு பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் பெருவெடிப்பைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசியபோது, அதனை விரும்பாதவர் அந்தக் கருத்தை முன்வைத்த லெமெத்ர அடிகளே. விஞ்ஞானக் கொள்கை நாளை மாறலாம், சமயத்தை அதிலே கட்டித் தொங்கவிடாதீர்கள் என்ற அவரது எச்சரிக்கை எமக்கும் பொருந்தும். இன்றைய விஞ்ஞானம் உலகம் விரிந்த முறையை அளந்து சொல்கிறது. அது எதற்காக விரிந்தது என்பதைச் சித்தாந்தம் சொல்கிறது. இரண்டு வேறு ஏடுகள்.

இனி, சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்ல வேண்டியுள்ளது. எமது நாட்டிலே நடந்த அழிவுகளைப் பற்றிப் பேசும்போது, “எல்லாம் சிவனுடைய தாண்டவம்” என்று சிலர் பெருமூச்சோடு சொல்வதைக் கேட்டிருக்கிறோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்ததும், 1983 ஆடியும், 1995இன் இடப்பெயர்வும், 2009இலே வன்னியில் நடந்தவையும் ஊழித்தாண்டவம் என்றால், நெருப்பு வைத்தவன் சிவபெருமானின் ஏவலாளன் ஆகிவிடுவான். சித்தாந்தம் இதற்கு இடங்கொடாது. சங்காரம் இறைவன் ஒருவனுக்கே உரிய தொழில். அது இளைத்த உயிர்களுக்கு இளைப்பாறுதல். குழந்தையையும் நூலையும் எரிப்பது எந்த உயிருக்கு இளைப்பாறுதல்? அது முயலகனின் வேலை. திருவடியின் கீழே நெளிகின்ற அந்த ஆணவத்தின் வேலை.

அதேபோல, பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், “அது உங்கள் கன்மம் அம்மா” என்று சொல்வதும் சைவம் அன்று. கன்மக் கொள்கை ஒருவர் தம்மையே பார்த்துத் திருந்துவதற்குத் தரப்பட்டது. இன்னொருவருடைய பேரேட்டைத் திறந்து வாசிக்க எமக்கு அதிகாரம் இல்லை. அந்த ஏடு இருப்பது வேறோரிடத்திலே. அந்தத் தாயின் பக்கத்திலே இருந்து ஒரு தேவாரம் பாடினால் அதுவே போதும். பாடத் தெரியாவிட்டால் ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக் கொடுக்கலாம்.

ஊழி என்றதும் எமக்கு நினைவுக்கு வர வேண்டியது சீகாழி. அத்தலத்துக்குப் பன்னிரண்டு பெயர்கள். அவற்றுள் தோணிபுரம் என்பதும் ஒன்று. ஊழி வெள்ளம் எல்லாவற்றையும் மூடியபோது பெருமான் பிரணவத்தையே தோணியாகக் கொண்டு, அறுபத்து நான்கு கலைகளையும் ஆடையாக உடுத்து, உமையம்மையோடு மிதந்து வந்து அங்கே தங்கினார் என்பது தலவரலாறு. இன்றும் அக்கோயிலின் நடுத்தளத்திலே தோணியப்பராக எழுந்தருளியிருக்கிறார். அந்த வெள்ளத்திலே காப்பாற்றப்பட்டவை பொன்னும் அரண்மனையும் அல்ல, கலைகள். இசையும் எழுத்தும் கணிதமும் மருத்துவமும் சமையலும் அவற்றுள் அடங்கும். அந்தத் தோணியப்பரின் சந்நிதியிலே ஞானப்பால் உண்ட பிள்ளையே பின்னாளிலே கடலுக்கு இப்பால் இருந்தபடியே திருகோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடிய சம்பந்தப் பிள்ளையார். அவ்விரு ஆலயங்களும் போர்த்துக்கேயர் காலத்தில் இடிக்கப்பட்டு, நூற்றாண்டுகள் கழிந்த பின் மீளக் கட்டப்பட்டவை. கட்டடங்கள் இல்லாதிருந்த அத்தனை காலமும் பதிகங்கள் இருந்தன. மன்றத்தின் பண்ணிசை வகுப்புக்குப் பிள்ளைகளை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வருவதற்குச் சோம்பும் பெற்றோர், குறிப்பாகப் பனி கொட்டும் சனிக்கிழமைகளிலே, இதனைச் சற்று நினைக்க வேண்டுகிறோம்.

நிறைவாகத் திருவாதிரை நட்சத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆதிரை என்று பெரும்பாலும் இனங்காணப்படும் செந்நிற விண்மீனை மேலைநாட்டார் பெற்றல்ஜூஸ் என்பர். அது எரிந்து முதிர்ந்த ஒரு செம்பெருமீன். எங்கள் சூரியனுடைய இடத்தில் அதனை வைத்தால் செவ்வாயின் பாதையையும் தாண்டி நிற்கும் என்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் முடிவிலும் 2020இன் தொடக்கத்திலும் அதன் ஒளி திடீரென மங்கியபோது வானியலாளர் பரபரப்படைந்தார்கள். அது தானே வெளியேற்றிய தூசி மறைத்ததே காரணம் என்று பின்னர் கண்டார்கள். இன்னும் ஒரு இலட்சம் ஆண்டளவிலே அது வெடித்து மடியும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. இவ்வாறு மடிந்த விண்மீன்களின் எச்சத்திலிருந்தே எமது எலும்பிலுள்ள சுண்ணமும் இரத்தத்திலுள்ள இரும்பும் நாம் சுவாசிக்கும் ஒட்சிசனும் வந்தன. முடிப்பவனுக்கு உரிய நட்சத்திரமாக எமது முன்னோர் இதனைக் கொண்டது எக்காரணத்தாலோ, நாம் அதிலே கதை புனையப் போவதில்லை. ஆயினும் திருநீறு பூசும்போது இதனை நினைக்க நெஞ்சு நெகிழ்கிறது.

திருவெம்பாவைப் பூசை பத்து நாளும் அதிகாலை 5 மணிக்குத் தொடங்கும். ஊரிலே போலச் சங்கு ஊதிச் சேமக்கலம் அடித்து வீதியால் வர இங்கே அயலவர் நித்திரை இடங்கொடாது, ஆகவே மண்டபத்துக்குள்ளேயே சுற்றி வருவோம். ஆருத்திரா அபிடேகம் முடிந்து களிப் பிரசாதம் வழங்கப்படும். அன்றிரவு மேகம் இல்லாவிட்டால், எட்டு ஒன்பது மணியளவிலே பிள்ளைகளை வெளியே கூட்டி வந்து தென்கிழக்கு வானத்தைக் காட்டுங்கள். முழுமதியை அண்டிய நாள் ஆதலால் சந்திரனும் அந்தப் பக்கத்திலேயே நிற்கும். ஒரே வரிசையில் மூன்று மீன்கள் தெரியும். அவற்றுக்கு மேலே இடப்புறமாகச் சிவந்து நிற்பதே ஆதிரை. கையுறையும் தொப்பியும் போடாமல் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள்.